கொழும்பு–தூத்துக்குடிக் கடல்வழியும் மில்தார்ப் இல்லமும்: எட்வர்டு கார்ப்பென்டரின் வாழ்வில் தன்பாலீர்ப்பும் ஊரறிவும்

ஆய்வுச்சுருக்கம்

எட்வர்டு கார்ப்பென்டர் (1844–1929) தமிழ்ப் புலமையுலகிற்குப் பொன்னம்பலம் அருணாசலத்தின் நண்பராகவும், தமிழ் ஞானி ஒருவரிடம் பாடங்கேட்ட ஆங்கிலேயராகவும் அறிமுகமானவர். ஜார்ஜ் மெரில் என்னும் தொழிலாளியுடன் அவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒரே வீட்டில் ஊரறிய வாழ்ந்த செய்தி அவ்வறிமுகத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. குருநாகலில் ஞானியின் முன் அமர்ந்ததும், தூத்துக்குடியில் கரையிறங்கியதும், மில்தார்ப்பில் மெரிலுடன் குடித்தனம் நடத்தியதும் ஒரே மனிதரின் வாழ்வு என்ற நோக்கில் இக்கட்டுரை அவர் வரலாற்றை எடுத்துரைக்கிறது. தன்பாலீர்ப்பை வெளிப்படுத்துதல் என்பது அவரிடம் அறிவிப்பாக நிகழாமல் அன்றாட இல்வாழ்க்கையாக நிகழ்ந்தது என்பதும், அதற்கான விலை இருவருக்கும் ஒரே அளவில் அமையவில்லை என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: எட்வர்டு கார்ப்பென்டர், ஜார்ஜ் மெரில், பொன்னம்பலம் அருணாசலம், தூத்துக்குடி, முத்துக்குளித்துறை, தன்பாலீர்ப்பு, அம்பல், அலர்.

முன்னுரை

1924 சனவரி 9ஆம் நாள் சர் பொன்னம்பலம் அருணாசலம் மதுரையில் காலமானார். தென்னாட்டுத் திருத்தலங்களை வழிபட வந்தவிடத்தில் நேர்ந்த மறைவு அது. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும், 1901ஆம் ஆண்டு இலங்கைக் குடிக்கணக்கை நடத்தியவராகவும், மாணிக்கவாசகர் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவராகவும் அவரைத் தமிழுலகம் நினைவிற் கொண்டுள்ளது. அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, ஞானநெறி பற்றி அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்துக் ‘கீழ்த்திசை ஒளி’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டவர், எண்பது வயதைக் கடந்திருந்த ஆங்கிலேயர் ஒருவர். அவரே கார்ப்பென்டர்.

ஆங்கிலத்தில் கார்ப்பென்டரைப் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. ஷீலா ரௌபாத்தம் 2008இல் விரிவான வாழ்க்கை வரலாற்றை எழுதினார். லீலா காந்தி, பேரரசுக்கு எதிரான நட்புறவுகளின் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் அளித்தார். பர்மிந்தர் பக்ஷி, அவருடைய கீழைத்தேயப் பயணத்தைத் தன்பாலீர்ப்போடும் கீழைத்தேயவியலோடும் இணைத்து ஆராய்ந்தார். தமிழில் இந்நிலை இல்லை. அருணாசலத்தின் வரலாற்றில் கேம்பிரிட்ச் நண்பர் என்னும் ஒரு தொடருக்குள் அவர் அடங்கிவிடுகிறார்.

அவர் வாழ்வை விளக்கத் தமிழ் மரபிலேயே பொருத்தமான இரண்டு சொற்கள் உள்ளன. அகத்திணை மரபு, காதலைப் பற்றி ஊரார் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அது பலரறியப் பேசப்படும் நிலையை அலர் என்றும் வேறுபடுத்தும். களவில் ஒழுகும் தலைவன் தலைவியர்க்கு உரியவை இச்சொற்கள். அகத்திணை இலக்கணம் ஆணும் ஆணும் கூடும் காதலுக்கு இடம் வகுக்கவில்லை. எனினும், ஒரு காதல் ஊரின் அறிவுக்குள் எவ்வாறு நுழைகிறது, எந்த அளவில் நிற்கிறது, எப்போது கட்டுமீறுகிறது என்பதைக் கூற இவற்றினும் நுட்பமான சொற்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஆகவே இங்கு அவை விரிந்த பொருளில் கையாளப்படுகின்றன.

பிறப்பும் கேம்பிரிட்ச் வாழ்வும்

கார்ப்பென்டர் 1844 ஆகஸ்டு 29இல் தென்னிங்கிலாந்தின் பிரைட்டன் நகரை அடுத்த ஹோவ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தையார் சார்லஸ் கடற்படையிலும் பின்னர் வழக்குரைஞர் தொழிலிலும் இருந்து, முதலீட்டு வருவாயில் வாழ்ந்தவர். குடும்பம் பெரிது. உடன்பிறந்த பெண்கள் பலர். வேலை ஏதுமின்றித் திருமணத்திற்காகக் காத்திருந்த அச்சகோதரியரின் வாழ்வு, மேல்தட்டுக் குடும்ப ஒழுங்கின்மீது அவருக்கு இளமையிலேயே வெறுப்பை விதைத்தது.

கேம்பிரிட்சின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் கணிதம் பயின்று 1868இல் உயர்நிலையில் தேறினார். அங்கேயே ஆய்வுறுப்பினர் பதவியும் கிட்டியது. அப்பதவிக்காகச் சமயப் பணிக்கு அருட்பொழிவு பெற்று, எஃப். டி. மாரிஸ் என்னும் இறையியலாளரின்கீழ் திருச்சபை உதவியாளராகவும் இருந்தார். நிறைவான எதிர்காலம் கண்முன் இருந்தும் அவர் உள்ளம் அதில் பொருந்தவில்லை. ஆண்கள்பால் தமக்கிருந்த ஈர்ப்பைச் சொல்ல அன்றைய ஆங்கிலச் சமூகத்தில் சொல்லும் இல்லை, செவியும் இல்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகள் கைக்கு வந்தபோதுதான் தோழமையையும் உடலையும் கூச்சமின்றிப் பேசும் ஒரு குரலை அவர் கண்டார். 1874இல் திருச்சபைப் பணியைத் துறந்தார். அதே ஆண்டில் விட்மனுக்குக் கடிதம் எழுதினார். 1877இல் அமெரிக்கா சென்று அவரை நேரிற் சந்தித்தார்.

கேம்பிரிட்சை விட்டு நீங்குவதற்கு முன்பே அருணாசலத்தின் நட்பு தொடங்கிவிட்டது. 1853இல் கொழும்பில் பிறந்த அருணாசலம், கிறைஸ்ட் கல்லூரியில் 1871 முதல் பயின்று, 1875இல் இலங்கைக் குடிமைப் பணியிற் சேர்ந்தார். இருவரும் கேம்பிரிட்சில் சேர்ந்திருந்த காலம் மூன்றாண்டே. நட்பு ஐம்பதாண்டு நீடித்தது. இலங்கையிலிருந்து அருணாசலம் அனுப்பிய பகவத்கீதை ஆங்கிலப் பெயர்ப்பு, 1883இல் வெளிவந்த ‘மக்களாட்சியை நோக்கி’ என்னும் நெடுங்கவிதை நூலுக்குத் தூண்டுகோல்களுள் ஒன்றாயிற்று.

உழைப்பாளர் நடுவே

பல்கலைக்கழக விரிவுப்பணி ஆசிரியராக வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குச் சென்ற கார்ப்பென்டர், லீட்ஸ், நாட்டிங்காம், ஷெஃபீல்டு ஆகிய ஊர்களில் வானியலும் இசையும் கற்பித்தார். வகுப்புக்கு வந்தவர்களைக் காட்டிலும் ஊரிலிருந்த உழைப்பாளிகளே அவரை ஈர்த்தனர். ஷெஃபீல்டு எஃகுக்கும் கத்திக்கும் பெயர்பெற்ற நகரம். புல்லரிவாள் செய்யும் ஆல்பர்ட் ஃபியர்னஹோவின் குடும்பத்தோடு அவர் தங்கினார். 1882இல் தந்தையார் இறக்க, ஏறத்தாழ 6,000 பவுண்டு அவர் பங்குக்கு வந்தது. அத்தொகையிலிருந்து டார்பிஷயரின் மில்தார்ப் சிற்றூரில் 7 ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டிக் காய்கறி பயிரிட்டார். ஃபியர்னஹோ குடும்பமும் அங்கு வந்தது.

இந்தியாவிலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய காசுமீரச் செருப்பை மாதிரியாகக் கொண்டு தாமே தோலறுத்துச் செருப்புத் தைக்கவும் அவர் கற்றார். பல்கலைக்கழக ஆய்வுறுப்பினராக இருந்த ஒருவர் தோலில் கைவைப்பதன் கனத்தைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சாதி இல்லை. ஆயினும் வர்க்கக் கோடு ஏறத்தாழ அதே கண்டிப்புடன் காக்கப்பட்டது. கனவான் ஒருவர் கொல்லரோடும் உழவரோடும் ஒரே மேசையில் உண்பதே அம்பலுக்குப் போதுமானதாயிற்று. அவர்மீது எழுந்த ஊர்ப்பேச்சின் முதற்பொருள் காதலன்று, கலந்துறவாடலே. பின்னாளில் காதல் அதனுள் ஒளிந்துகொள்ள முடிந்ததற்கும் இதுவே காரணம். விந்தையான சமதர்மக்காரர், எல்லாருடனும் அப்படித்தான் என்று ஊர் முன்னமே ஒரு விளக்கத்தை அமைத்து வைத்திருந்தது.

1886 அளவில் ஷெஃபீல்டு சமதர்மக் கழகத்தில் ஜார்ஜ் ஹூக்கின் என்னும் சவரக்கத்தி தீட்டும் தொழிலாளிமீது கார்ப்பென்டர் காதல் கொண்டார். மறு ஆண்டில் ஹூக்கின் ஒரு பெண்ணை மணந்தார். அத்துயரிலிருந்து மீள நெடுநாளாயிற்று. எனினும், உறவை அறுத்துக்கொள்ளாமல் அத்தம்பதியர் இருவருக்கும் நண்பராகவே 1917இல் ஹூக்கின் இறக்கும்வரை இருந்தார்.

குருநாகல் ஞானி

1889இல் அவர் வெளியிட்ட ‘நாகரிகம்: அதன் காரணமும் மருந்தும்’ என்னும் நூலைக் காந்தியடிகள் ‘இந்திய சுயராச்சியம்’ எழுதுகையில் எடுத்துப் பேசியமை பலரும் அறிந்தது. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டில், அருணாசலத்தின் அழைப்பின்பேரில் கார்ப்பென்டர் இலங்கைக்குக் கப்பலேறினார். அருணாசலம் அப்போது குருநாகலில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர் குருவாகக் கொண்டிருந்தவர் இராமசாமி என்னும் தமிழ் ஞானி. தில்லைநாத சுவாமி மரபில் வந்தவர். ஞானி தமிழிற் பேச, அருணாசலம் ஆங்கிலத்தில் சொல்ல, கார்ப்பென்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார். இது பல நாள் தொடர்ந்தது.

1892இல் வெளிவந்த ‘ஆதாம் மலை முதல் எலிபெண்டா வரை’ என்னும் பயண நூலில் நான்கு இயல்கள் இந்த ஞானிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் ஒருவர் தமிழ் ஆசான் ஒருவரிடம் ஆட்சியாளராகவோ சமயப் பரப்பாளராகவோ இல்லாமல் மாணாக்கராக அமர்ந்து எழுதிய நூல் என்பதே அதன் தனிச்சிறப்பு. எண்ணம் ஒடுங்கிய இடத்தில் எழும் அறிவு, தான் பிறர் என்னும் வேறுபாடற்ற உணர்வு ஆகியவை அவரை ஆழமாகத் தொட்டன. அதற்காக அனைத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. உலகை நடுவாக வைத்த பழைய வானியலை ஞானி நம்பியதை, வானியல் கற்பித்தவரான கார்ப்பென்டர் சற்றே புன்முறுவலுடன் குறிக்கிறார். சமூகச் சமத்துவத்தின்மீது கீழைஞானம் போதிய நாட்டம் கொள்ளவில்லை என்பதும் அவர் துணிபு.

பெரிய வேறுபாடு உடலைப் பற்றியது. ஞானநெறி ஆசையை ஒடுக்கச் சொல்லும். கார்ப்பென்டரோ வேறுபாடின்மையை எடுத்துக்கொண்டு துறவை அங்கேயே விட்டுவிட்டார். உடலும் அதன் விருப்பும் அந்த ஒருமைக்குப் புறம்பல்ல என்பது அவருடைய பிற்கால எழுத்து முழுவதிலும் ஓடும் இழை. ஆசானைப் பிறழப் புரிந்துகொண்டார் என்று சைவ மரபில் நிற்பவர் கூறக்கூடும். அது நியாயமான குறையே. ஆனால் தன் இயல்பை நோய் என்றும் பாவம் என்றும் குற்றம் என்றும் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அம்மூன்றையும் சாராத ஒரு மெய்யியல் மொழி தமிழ்வழிக் கிடைத்தது என்பதும் உண்மை.

பயண நூலில் கறுத்த உடல்களை வியந்து நோக்கும் பகுதிகள் பல உள்ளன. கண்டிப் பக்கத்து உழவர்குடி இளைஞர் கலுவாவுடனான தோழமையும் சிவனொளிபாதமலை ஏற்றமும் கனிவுடன் எழுதப்பட்டவை. அக்கனிவோடு ஆளும் இனத்தவரின் பார்வையும் கலந்தே வருகிறது என்னும் பக்ஷியின் கண்டனத்தைத் தள்ளிவிட இயலாது. பார்க்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்நூலில் இல்லை.

தூத்துக்குடிக் கரை

அக்காலத்தில் இலங்கையிலிருந்து தமிழகம் வருவோர்க்குரிய பெருவழி, கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நீராவிக் கப்பலே. தலைமன்னார்–தனுஷ்கோடிப் படகுச் சேவை 1914இல்தான் வந்தது. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரிற் பெருந்தொகையினர் இவ்வழியே போய்வந்தனர். கடல் ஆழமற்றதாகையால் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பயணிகள் சிறுகலங்களிலும் சரக்குகள் தோணிகளிலும் கரை சேர்ந்தன. கார்ப்பென்டரும் இவ்வழியே வந்திறங்கி, இரயிலேறி மதுரைக்கும் அப்பால் தஞ்சைக்கும் சென்றார்.

அவர் நூலில் தூத்துக்குடிக்குக் கிடைப்பவை சில வரிகளே. சிற்றூர் ஒன்று, பெரிய பஞ்சாலை ஒன்று, போர்த்துகீசியர் காலத்தின் எச்சமான கத்தோலிக்கக் கோவில்கள், பாதி கிறித்தவமும் பாதி கூலியடிமைத்தனமும் கொண்ட மக்கள் என்பது அவர் சித்திரம். அந்தப் பஞ்சாலை ஹார்வி நிறுவனத்தாருடையது. 1908இல் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அதன் தொழிலாளருடையதே. கார்ப்பென்டர் வந்த அதே கொழும்புக் கடல்வழியில்தான் 1906இல் தொடங்கப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கம் தன் கப்பல்களை விட்டது. கப்பலிலிருந்து இரயிலுக்குப் போகும் சில மணி நேரத்தில் ஆலையின் கூலி முறையைக் கண்டுகொண்ட கண் கூரியதே. ஆனால் முத்துக்குளித்துறையின் நெடிய வரலாற்றை அது காணவில்லை. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரதவர் போர்த்துகீசியரின் காப்பை நாடி மதம் மாறியதும், அதன்பின்னும் சாதித்தலைவன் என்னும் தம் தலைமையையும் முத்துச்சலாபப் பங்கு வழக்கங்களையும் அவர்கள் தக்கவைத்துக்கொண்டதும் பாதிக் கிறித்தவம் என்னும் ஒரு முத்திரைக்குள் அடங்குவன அல்ல. அந்நூலின் பிற்பகுதியில், இந்தியாவில் வாழும் ஆங்கிலேயர் மக்களோடு ஒட்டாதிருப்பதைப் பேசும் இயலுக்குச் சிப்பியைத் தலைப்பில் வைத்தவர் அவர். முத்துச்சிப்பியின் கரையிலோ அவருமே நின்று பார்க்காமற் கடந்துவிட்டார்.

அக்கரைக்கும் அவருக்கும் பொதுவாயிருந்த ஒன்றை அவர் எழுதவில்லை. அது சட்டம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவு செய்து, 1860இல் நிறைவேறி, 1862 சனவரி முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான புணர்ச்சி என்னும் பெயரில் தன்பாலுறவைக் குற்றமாக்கியது. 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கு இணையானது 365ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டின் திருத்தம் ஒன்று, ஆண்களிடையே நிகழும் எவ்வகை உடலுறவையும் தனியறையில் நிகழ்ந்தாலும் ஈராண்டுச் சிறைக்குரியதாக்கியது. குருநாகல், தூத்துக்குடி, மில்தார்ப் மூன்றிலும் அவர் ஒரே பேரரசின் குற்றவாளியே. வந்திறங்கிய கரையின் மக்களுக்கு அச்சட்டம் வெளியிலிருந்து வந்தது. அதை எழுதிய நாட்டிலிருந்தே அதற்கு அஞ்சி வாழ்ந்த ஒருவர் அங்கு வந்திறங்கியிருந்தார்.

அன்றாட ஒழுக்கத்தில் இரு சமூகங்களும் மாறுபட்டன. தோழர் இருவர் தோளில் கைபோட்டுத் தெருவில் நடப்பது தமிழ்நாட்டில் அம்பலாவதில்லை. ஷெஃபீல்டில் அது கண்ணை உறுத்தும். மாறாக, திருமணமின்றி ஓர் ஆண் தனிவீட்டில் வாழ்வது இங்கிலாந்தில் இயல்பாகக் கருதப்பட்டிருக்க, தமிழ்க் குடும்பத்தில் அதுவே முதற்கேள்வியாகும். உடல் நெருக்கத்திற்கு இடந்தரும் சமூகம், அந்நெருக்கம் வாழ்க்கைத் துணையாக வீடுகட்டிக்கொள்ள இடந்தருவதில்லை. கார்ப்பென்டரின் வாழ்வு தமிழ்ச் சூழலில் கேள்வியாக நிற்பது இவ்விடத்தில்தான்.

மெரில் வந்த வீடு

1891இல் இந்தியாவிலிருந்து திரும்பிய சில காலத்திற்குள் ஷெஃபீல்டை அடுத்த இரயில் பயணம் ஒன்றில் ஜார்ஜ் மெரிலைக் கார்ப்பென்டர் சந்தித்தார். மெரில் அவரினும் இருபது வயதுக்கு மேல் இளையவர். ஷெஃபீல்டின் சேரிப்பகுதியில் வளர்ந்து, கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தவர். முறையான கல்வி பெறாதவர். ஒரு பார்வையிலும் சில சொற்களிலும் தொடங்கிய உறவு உறுதிப்பட்டது. எனினும் ஏழாண்டுகள் தனித்தனியே வாழ்ந்தனர். மில்தார்ப் வீட்டில் முதலில் ஃபியர்னஹோ குடும்பமும் பின்னர் ஆடம்ஸ் குடும்பமும் உடனிருந்தன. ஆடம்ஸ் குடும்பம் நீங்கிய 1898இல் மெரில் அங்குக் குடிவந்தார்.

அந்த ஏழாண்டுகளுக்கு இடையில்தான் 1895 வந்தது. கார்ப்பென்டர் தன்பாற் காதலைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு, அவ்வாண்டின் தொடக்கத்தில் மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தின்வழித் தனிச்சுற்றாக வெளிவந்தது. சில மாதங்களில் ஆஸ்கார் வைல்டு கைதானார்; மே 25இல் ஈராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பதிப்பாளர் ஃபிஷர் அன்வின், கார்ப்பென்டரின் காதல் பற்றிய அடுத்த நூலுக்கான ஒப்பந்தத்தைக் கைவிட்டதோடு ‘மக்களாட்சியை நோக்கி’யையும் விற்க மறுத்தார். 1896இல் ‘காதல் பருவமெய்தும் காலம்’ என்னும் அந்நூல் அதே தொழிலாளர் அச்சகத்தில் தன்பாற் காதல் இயல் இல்லாமலே வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்தே அப்பொருள் நூலினுள் சேர்ந்தது. 1908இல் ‘இடைநிலைப் பாலினர்’ தனிநூலாயிற்று. இத்தயக்கத்தைக் கோழைமை என்பது எளிது. வைல்டின் சிறைக்கதவு மூடிய ஓசை இன்னும் அடங்காத நாட்டில், எழுத்தில் பின்வாங்கிய அதே மனிதர் மூன்றாண்டில் வாழ்க்கையில் முன்னேறினார் என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும்.

மெரிலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டா என்று நண்பர்கள் பலர் எச்சரித்தனர். முன்னெச்சரிக்கைகளில் பாதி ஊர்ப்பேச்சைப் பற்றியது. மறுபாதி, வெளிப்படையாகச் சொல்லப்படாவிடினும், மெரிலின் பிறப்பைப் பற்றியது. கார்ப்பென்டர் எவரையும் கேட்கவில்லை. மெரில் சமைத்தார், வீட்டைப் பேணினார், உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த விருந்தினரை வரவேற்றார், ஊர் மதுக்கடையில் பாடினார். அவர் பாடலுக்கு ஊரில் இரசிகர் இருந்தனர். கார்ப்பென்டர் அறிவாளர்களிடையே மதிக்கப்பட்டவர். அயலாரோடு வேலியோரம் நின்று பேசி அவ்வீட்டை ஊரின் வீடாக்கியவர் மெரிலே. ஊர் அறிந்திருந்தது; அறிந்ததை எவரும் உரக்கச் சொல்லவில்லை. அம்பல் அம்பலாகவே நின்ற காலம் அது.

1909இல் அது அலராயிற்று. அயலூரைச் சேர்ந்த எம். டி. ஓபிரையன் என்பவர், சமதர்ம எதிர்ப்பில் ஊறியவர், கார்ப்பென்டரின் நூல்களிலிருந்தும் ஊர்ப்பேச்சிலிருந்தும் திரட்டியவற்றை அச்சிட்டு வீடுவீடாக விநியோகித்தார். கார்ப்பென்டரின் அரசியலையும் அவர் வீட்டு வாழ்வையும் ஒரே சேற்றில் தோய்ப்பதே அதன் நோக்கம். வழக்கு வந்திருந்தால் நூலாசிரியர்க்குப் புகழ்பெற்ற நண்பர்கள் இருந்தனர். மெரிலுக்கு எவர் இருந்தார்? உலகத்தின் கண்ணில் அவர் ஒரு வேலையாள். கார்ப்பென்டர் எச்சரிக்கையாகப் பேசுபவர், மெரில் மனத்திலிருப்பதை மறைக்கத் தெரியாதவர். இருவருள் வெளிப்படையாக இருந்தவர் இளையவரே. அவ்வெளிப்படைக்கு அவரிடம் சொத்தோ பட்டமோ கவசமாக இல்லை. கார்ப்பென்டரைத் துணிவின் உருவமாகப் போற்றும் பிற்காலத்தார், அத்துணிவின் பெரும்பங்கு சமையலறையில் இருந்தவருடையது என்பதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஓபிரையனின் துண்டறிக்கைகளால் அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அதன்பின்னும் பதின்மூன்றாண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்தனர். 1913இல் அங்கு விருந்தினராக வந்த ஈ. எம். ஃபார்ஸ்டர், மெரிலின் கைபட்ட ஒரு நொடியில் ஒரு நாவல் தம்முள் முழுமையாகக் கருக்கொண்டதெனப் பின்னர்ப் பதிவுசெய்தார். மேல்தட்டு இளைஞன் ஒருவனும் வேட்டைக்காடு காக்கும் உழைப்பாளி ஒருவனும் கூடி வாழத் துணியும் ‘மாரிஸ்’ 1914இல் எழுதி முடிக்கப்பட்டது. ஃபார்ஸ்டர் இறந்தபின் 1971இலேயே அச்சேறியது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கையெழுத்துப்படியாகப் பூட்டியிருந்த கதையைக் கார்ப்பென்டரும் மெரிலும் கதவு திறந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

1916இல் கார்ப்பென்டர் தன்வரலாற்றை வெளியிட்டார். மெரில் அதில் பெயரோடும் குணத்தோடும் வருகிறார். சந்தித்த இரயில் பயணம், குடிவந்த நாள், நண்பர்களின் எச்சரிக்கை ஆகிய அனைத்தும் உள்ளன. காதலர் என்னும் சொல் மட்டும் இல்லை. வாழ்ந்து காட்டியதைச் சொல்லிக் காட்டவில்லை. சட்டத்தின் கண்ணில் சொல்லே சான்றாகும் என்பதை அவர் அறிவார்.

பிற்காலம்

1922இல் இருவரும் தெற்கே சர்ரே மாவட்டத்தின் கில்ட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924இல் கார்ப்பென்டரின் எண்பதாம் பிறந்தநாளில் வந்த வாழ்த்து மடலில், ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அமைச்சரவையினர் அனைவரும் கையொப்பமிட்டிருந்தனர். அந்த அரசின் சட்டப்புத்தகத்தில் 1885இன் திருத்தம் அப்படியே இருந்தது. தலைவர்கள் அவரை வாழ்த்த முடிந்தது. அவர் வாழ்வை வாழ்த்த முடியவில்லை.

அதே ஆண்டின் தொடக்கத்திலேயே அருணாசலம் மறைந்திருந்தார். 1895 முதல் 1916 வரை கார்ப்பென்டர் இப்பொருள்பற்றி எழுதிய எந்நூலும் அந்நட்பை அறுக்கவில்லை. சர் பட்டம் பெற்றவர், சைவ ஒழுக்கத்தில் நின்றவர், ஒரு நாட்டின் அரசியலில் முதன்மையானவர். ஒரு கடிதத்தை நிறுத்திக்கொள்ள இவற்றுள் ஒன்றே காரணமாகப் போதும். அவர் நிறுத்தவில்லை. இசைவு என்று இதற்குப் பெயரிடுவது மிகை. எதிர்ப்பு என்பது பொய். தமிழ்ச் சமூகத்தில் வேறுபட்ட இயல்புடையோர் பலரின் அன்றாடம் இன்றும் நின்றுகொண்டிருப்பது இத்தகைய ஏதும் சொல்லாத ஏற்பின்மீதுதான். அது நிழலும் தரும். பெயரிட்டுக் கேட்டால் விலகியும் போகும். 2018 செப்டம்பர் 6இல் இந்திய உச்ச நீதிமன்றம், உடன்பட்டு வாழும் வயதுவந்தோரை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகையோரைக் காவல்துறையின் துன்புறுத்தலிலிருந்து காக்கவும், அவர்தம் இயல்பை மாற்றுவதாகக் கூறும் மருத்துவத்தைத் தடுக்கவும் வழிகாட்டுதல்கள் வழங்கியது. மதிப்புடைய தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. மன்னார் வளைகுடாவின் கீழ்க்கரையில் குற்றநீக்க மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. மசோதா அவ்வாண்டில் சட்டமாகவில்லை.

1928 சனவரியில் மெரில் இறந்தார். முப்பதாண்டுத் துணையை இழந்த முதியவரை அதே ஆண்டு மே மாதத்தில் பக்கவாதம் தாக்கியது. பதின்மூன்று மாதங்கள் பிறர் உதவியில் வாழ்ந்து, 1929 சூன் 28இல் கார்ப்பென்டர் உயிர்நீத்தார். கில்ட்ஃபோர்டின் மவுண்ட் கல்லறைத் தோட்டத்தில் மெரிலை அடக்கம் செய்திருந்த அதே குழியில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.